பொங்கல் சீராக வந்த கம்ப்யூட்டர்

சைனிக்புரி, ஹைதராபாத்
19 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி இனிப்பைக் குறைத்தார்களா, இல்லை பொங்கல் சாக்கில் ஒரு பிடி பிடித்துவிட்டார்களா?

நீங்கள் சீராக அனுப்பிய கம்ப்யூட்டர் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. மஞ்சள் துணி சுற்றி, கரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டை வைத்துக் கட்டியிருந்ததைப் பார்த்து மாமனார் சிரித்துத் தீர்த்துவிட்டார். "ஹவ், உங்க அண்ணன் பலே ஆளும்மா! நாங்க சிகந்தராபாத் வந்து நாலு தலைமுறை ஆச்சு, இப்படி ஒரு சீரை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். "நல்ல பெட்டிதான்" என்றார்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் ஏழிலிருந்து எட்டு வரை அமெரிக்கா, மாலையில் நான்கு மணிக்கு சிங்கப்பூர். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஏப்ரல் நடுவில் நிரந்தரம் செய்வார்கள். வகுப்பு பாதியில் அறுந்தால் மட்டும் அவர்களுக்குப் பிடிக்காது. அடிக்கடி அறுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவளை எந்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். உள்ளுக்குள் பயம்தான். கல்யாணமான பதினோரு வருடத்தில் என் பெயருக்கு வந்த முதல் வேலை இது, அண்ணா.

ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டர் இரண்டு தடவை தானாகவே அணைந்து மறுபடி எழுந்தது. இரண்டும் காலை வகுப்பில். புதுப் பெட்டி பழகும்வரை அப்படித்தானா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவது வழக்கம். எனக்குக் கடிதம்தான் வசதி.

உங்கள் தங்கை,
வித்யா

ஈரோடு
26 ஜனவரி

அன்புத் தங்கை வித்யாவுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. உன் அண்ணி சர்க்கரையைப் பற்றி எழுதக் கூடாது என்று உத்தரவு. மாப்பிள்ளை, மாமனார், குழந்தை பத்மா எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

புதுப் பெட்டி பழகுவதாவது! அது என்ன புதுச் செருப்பா? நானே திருகு திருகாக மூட்டிய பெட்டி கண்ணு அது. திறந்து பார்க்க முடியாத எந்தப் பெட்டியையும் நான் நம்புவதில்லை. அதனால்தான் லேப்டாப் வேண்டாம் என்றேன். பேங்க் வேலை சோறு போடுகிறது, இந்த வேலைதான் உங்களுக்குத் தூக்கம் வரவைக்கிறது என்று உன் அண்ணியே சொல்வாள்.

முதலில் மெமரி அட்டையைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டு. பின்பக்க வயர் ஆடாமல் இருக்கிறதா என்று பார். அப்புறம் முக்கியமான ஒன்று. உன் அறை சுவிட்ச் போர்டில் மிளகு அளவில் ஒரு சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருக்கும். கம்ப்யூட்டர் நிற்கிற அந்த நொடியில் அதைப் பார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு பெட்டிக்குள், அதற்கு நான் பொறுப்பு. விளக்கும் சேர்ந்து அணைந்தால் உன் வீட்டு லைனில் கோளாறு, பெட்டி நிரபராதி. கரண்ட் போய்த் திரும்பினால் கம்ப்யூட்டர் தானாக எழுகிற மாதிரி நான்தான் செட்டிங் வைத்திருக்கிறேன், உனக்கு வேலை மிச்சம் என்று. அதனால் பார்க்கிறவர்களுக்கு ரீஸ்டார்ட் மாதிரியே தெரியும்.

மாப்பிள்ளை பாலாநகரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களைச் சோதித்துப் பாஸ் போடுகிறவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எனக்கு எழுதுகிறாயே. அவரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்.

ஆசியுடன்,
சிவஞானம்

சைனிக்புரி
8 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமே. பத்மாவுக்குச் சளி இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. மாமா எழுதியிருக்கிறார் என்றேன். என்ன எழுதினார் என்பதை "ஏம் ராசாரு?" என்று தெலுங்கில் கேட்கிறாள். ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், வீட்டில் இந்த லட்சணம்.

மெமரி அட்டையைக் கழற்றி மாட்டிவிட்டேன். வயரும் ஆடவில்லை. ஆனாலும் இந்த வாரம் மூன்று தடவை நின்றது. அவரைப் பார்க்கச் சொன்னேன். மூடியைத் திறக்காமலே பார்த்தார். "சீர்ல வந்த சாமான் கைக்கு நோண்டணும், எதுக்கு? உங்க அண்ணனையே கேளு" என்று சிரித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தமாஷாகத்தான் சொன்னார்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். மாலை வகுப்பில் ஒருநாளும் நின்றதில்லை. காலையில்தான். அதிலும் பிள்ளைகளின் அப்பாமார் யாராவது கேமராவில் வந்து வணக்கம் டீச்சர் என்று இரண்டு வார்த்தை பேசினால் அன்று கட்டாயம் நிற்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பையனின் அப்பா நம் பவானிக்காரராம். அவர் ஊர்ப் பேச்சு எடுத்தார், நானும் சிரித்தேன். அவ்வளவுதான், திரை கறுப்பாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்துவிட்டது.

உங்கள்,
வித்யா

ஈரோடு
14 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்மாவின் சளிக்கு மிளகுக் கஷாயம் கொடு. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குக் கோபம் வந்திருப்பதைத் தவிர.

இண்டிகேட்டர் விளக்கைப் பற்றிக் கேட்டேன். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். பேங்கில் இப்படி விண்ணப்பம் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். உன் பெட்டிக்கு ஆண் வாடை ஆகாது போலிருக்கிறது, பரிகாரம் ஏதாவது செய்யலாமா என்று உன் அண்ணி கேட்கிறாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

என் ஊகம் இதுதான். காலையில் ஊரே கீசர் போடும், மோட்டார் போடும். வோல்ட்டேஜ் இறங்கும். பெட்டி தாங்காமல் விழும். மாலையில் நிற்காததற்கும் அதுவே காரணம். ஆகவே ஒரு யூ.பி.எஸ். அனுப்பியிருக்கிறேன். சுவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதை வைத்துவிடு. கரண்ட் போனாலும் கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இனி உன் வகுப்பை எவனாலும் அறுக்க முடியாது.

ஆசியுடன்,
சிவஞானம்

சைனிக்புரி
3 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

யூ.பி.எஸ். வந்தது. அன்றைக்கே அவர் அதை ஹாலில் டிவிக்கு மாட்டிவிட்டார். சீராக வந்தது வீட்டுக்குப் பொதுதானே. மாமனார் கிரிக்கெட் பார்க்கிறபோது கரண்ட் போனால் மிலிட்டரிக் கோபம் வந்துவிடும். "எனக்கு நக்கோடா, வேணாம், அந்தப் பொண்ணு வேலைக்கு வை" என்று அவர் சொல்லிப் பார்த்தார். டிவி விலை அதிகம், அதுக்குத்தான் பாதுகாப்பு வேணும் என்று இவர் சொல்லிவிட்டார். நியாயம்தானே.

விளக்கைக் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.

இனிமேல் கடிதத்தைப் பக்கத்து வீட்டு பானு பெயருக்குப் போடுங்கள், விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் தபால் பெட்டியின் கதவு சரியில்லை.

உங்கள்,
வித்யா

ஈரோடு
9 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எனக்கு மனசு நலமாக இல்லை.

விளக்கு எரிகிறதென்றால் குற்றம் என் பெட்டியில். இதுவரை எட்டுப் பேருக்கு மூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒருவன் குறை சொன்னதில்லை. சொந்தத் தங்கைக்குக் கொடுத்தது இப்படிப் பல் இளிக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள்? சீரில் சொத்தைச் சாமானைத் தள்ளிவிட்டான் என்றுதானே? இத்தனை வருஷத்தில் அந்த வீட்டார் என்னை ஒரு வார்த்தை சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதில்லை.

சிகந்தராபாத்தில் ராகேஷ் என்று எனக்கு இன்டர்நெட்டில் பழக்கமான பையன் கடை வைத்திருக்கிறான். பெட்டியை அவனிடம் கொடு. புது பவர் சப்ளை அனுப்பியிருக்கிறேன், மாட்டிவிட்டு இரவும் பகலும் ஓடவிட்டுப் பார்ப்பான். எப்படியாவது உன் வேலையைக் காப்பாற்றிவிடலாம். மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆசியுடன்,
சிவஞானம்

சைனிக்புரி
24 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் நீங்களும் நலமா? எனக்குக் கொஞ்சம் தலைவலி, வெயிலாக இருக்கும்.

நானும் பானுவும் ஆட்டோவில் பெட்டியை ராகேஷ் கடைக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் வைத்திருந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "அக்கா, இந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்ல, மூட்டினவர் கைக்குத் தங்க வளையல் போடலாம்" என்றார். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் மாட்டிய மறுநாள் காலை நின்றது.

நேற்று சாப்பிடும்போது மாமனார் அவரைப் பார்த்து உரக்கக் கேட்டார், மாமனாருக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரியுமே. "விசு, காலையில காலையில வராண்டா மெயின் டப்பாவண்ட போய் என்னடா தட்டிட்டு வர்றே? ஃபியூஸ் போகுதா?" என்றார். நான் ரசம் ஊற்றினேன்.

இரண்டாவது எச்சரிக்கையும் வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை அறுந்தால் வேலை போய்விடும்.

அண்ணா, ஈரோட்டில் என் பழைய அறையில் இப்போது யார் இருக்கிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன். பத்மாவுக்குக் கோடை விடுமுறை வருகிறது.

உங்கள்,
வித்யா

ஈரோடு
2 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

உன் தலைவலி வெயிலால் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடையில் நிற்கவில்லை. மாலையில் நிற்பதில்லை. வீட்டில், காலையில், அவர் பாலாநகர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் நிற்கிறது. யூ.பி.எஸ். இருந்தால் நிற்காது, அதனால் அது டிவிக்குப் போய்விட்டது. வராண்டா டப்பாவில் இருப்பது உன் அறைக்கான பிரேக்கர், கரண்ட்டை வெட்டுகிற சுவிட்ச். ஒரு மனுஷன் எழுந்துபோய் அதை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி ஏற்றிவிட்டு, வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். நீ உள்ளே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு தவிக்கிறாய். தானாக எழுகிற மாதிரி நான் வைத்த செட்டிங் அவனுக்குத் தோதாகப் போயிற்று. வயிறு எரிகிறது கண்ணு. விளக்கு எரிந்தது என்று நீ எழுதியதை நம்பி ஒரு மாதம் என் பெட்டியை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

அறையைக் கேட்டாய். அதில் என் கம்ப்யூட்டர் சாமான்கள் கழுத்துவரை நிறைந்து கிடக்கின்றன. ஒதுக்க நாளாகும். நடு வருஷத்தில் நீ வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அண்ணி கவலைப்படுகிறாள். அவசரப்படாதே.

மாப்பிள்ளைக்கு நானே எழுதுகிறேன். ஆம்பளைக்கு ஆம்பளை பதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். வேண்டாம் என்று நீ தடுப்பாய். அதனால் அந்தக் கடிதத்தையும் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

ஆசியுடன்,
சிவஞானம்

ஈரோடு
2 ஏப்ரல்

அன்புமிக்க மாப்பிள்ளை விஸ்வநாத் அவர்களுக்கு,

தங்கள் நலத்தையும், தங்கள் தந்தையார் தேவராஜ் ஐயா அவர்களின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். இங்கு நாங்கள் நலம்.

பொங்கலுக்குச் சீராக அனுப்பிய கம்ப்யூட்டர் தங்களுக்குத் தொந்தரவு தருவதாக அறிந்து வருந்துகிறேன். தாங்கள் இத்துறையில் என்னைவிட அறிந்தவர். என் சிற்றறிவுக்கு எட்டியவரை வராண்டாவில் உள்ள பிரேக்கர் தளர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. காலை வேளைகளில் அதன்மேல் தங்கள் கவனம் இருந்தால் நன்மை. தங்கள் தந்தையார் அதைப் பற்றி விசாரித்ததாகவும், மற்ற விவரங்களையும் பானு அம்மாள் வீட்டு விலாசத்தின் வழியாக வித்யா அவ்வப்போது எழுதிவந்தாள். சிறுபிள்ளை, எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு இந்த வேலை முக்கியம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

தவறாக ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தங்கள் மச்சான்,
சிவஞானம்

சைனிக்புரி
11 ஏப்ரல்

அன்புள்ள மச்சானுக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி பற்றி இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பெட்டியைப் பற்றி மிக நுணுக்கமாக எழுதுகிறீர்கள்.

நீங்கள் சொன்னது சரி. பிரேக்கர் லூஸாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்பே வித்யாவின் வகுப்புகள் நின்றுவிட்டன. மூன்றாவது எச்சரிக்கை வந்ததாம். அவளுக்கும் அலைச்சல், உடம்பு தேறட்டும் என்று விட்டுவிட்டோம். அதன்பிறகு கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்பா அதில் சீட்டு விளையாடுகிறார். அருமையான பெட்டி, உங்கள் கைவேலையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டாருக்கு இனிமேல் தபால் தொந்தரவு வேண்டாம். எங்கள் தபால் பெட்டியின் கதவு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
விஸ்வநாத்

ஈரோடு
16 ஏப்ரல்

அன்புத் தங்கை வித்யாவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கு நலம். அண்ணி மாம்பழப் பச்சடி செய்தாள், வேப்பம்பூ இந்த வருஷம் குறைவு.

மாப்பிள்ளை விவரமாக எழுதியிருந்தார். பெட்டி சரியானதில் மிகவும் மகிழ்ச்சி. இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் மனிதர் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். வேலை எங்கே போய்விடும், இன்னொன்று வரும். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போ. பத்மாவை நன்றாகப் படிக்க வை.

அடுத்த பொங்கலுக்கு நானும் அண்ணியும் நேரிலேயே சீர் எடுத்துக்கொண்டு வருகிறோம். அதற்குள் முழங்காலும் சரியாகிவிடும்.

ஆசியுடன்,
சிவஞானம்

ஹைதராபாத்
2 ஜூலை

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்மா பள்ளிக்கூடம் போகிறாள். அவளை விட்டுவிட்டு வரும் வழியில் தபாலாபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். பானுவின் மேல்விலாசம் இப்போது கிடையாது. அவள் வீட்டுக் கதவு எனக்குத் திறப்பதில்லை, அவள் புருஷனிடம் இவர் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

உங்கள் புத்தாண்டுக் கடிதத்தை அவர் ஹாலில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். நான் நின்று கேட்டேன். மாமனார் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன், கேட்டிருக்கிறது. அந்த வீட்டில் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

நான் அறையைக் கேட்டேன். நீங்கள் சாமான் நிறைந்து கிடக்கிறது என்று எழுதினீர்கள். நான் சொன்னதை ரகசியம் என்று சொல்லி அனுப்பவில்லைதான். அண்ணனுக்கு அதைச் சொல்ல வேண்டுமா? அவர் பிரேக்கரைத் தட்டியதற்குக்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் பெட்டி சரியானதில் மிகவும் மகிழ்ச்சி என்று எழுதினீர்களே, அதற்குத்தான்.

இனி நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை உங்களுக்கு எழுதமாட்டேன். உங்களுக்கு எழுதினால் அவருக்குப் போய்ச் சேரும்.

அடுத்த பொங்கலுக்குச் சீர் வேண்டாம். அதற்கடுத்த பொங்கலுக்கும் வேண்டாம். கேட்பவர்களுக்கு முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். புகுந்த வீட்டின் மானம் உங்கள் முன்னால் போகக் கூடாது என்று சொன்னேன். இப்போது காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லாததால் உண்மையைச் சொல்கிறேன். விளக்கு அணைந்தது அண்ணா. நீங்கள் பார்க்கச் சொன்ன முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு தடவையும் அணைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வித்யாலட்சுமி